மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் மாதங்களில் என்ன செய்வது

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். விசைப்படகில் வலை இழுக்கும்போது வின்ச் கயிற்றில் சிக்கி அவருடைய அண்ணனின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன, மணிக்கட்டும் விறைத்துவிட்டது. மருத்துவக் குழு ஊனம் 35 சதவீதம் என்று எழுதி, தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தது. 40 சதவீதம் இல்லை என்று காரணம் காட்டி மாதாந்திர உதவித்தொகை விண்ணப்பம் தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்து எட்டு மாதமாகிறது. போகும் இடமெல்லாம் "வரும், வரும்" என்ற பதில்தான். இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பது, பேசாமல் புதிதாக விண்ணப்பித்துவிடலாமா, அதுவரை வீட்டை எப்படி ஓட்டுவது என்பவை அவர் எழுதிய கேள்விகள். முதல் கேள்விக்கு நாள் குறித்துப் பதில் சொல்ல யாராலும் முடியாது. மற்ற இரண்டுக்கும் முடியும். அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவதும் அதுவே என்று நினைக்கிறேன். முடிவு நம் கையில் இல்லாதபோது, இந்தக் காத்திருப்பை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும் என்பதே அது.

நான் வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அவற்றில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில், அதாவது முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைக் கோப்புகள் வந்து குவியும் மேசையில் இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு உச்சிப்புளிக்கு அருகே இருந்துகொண்டு, கேட்டு வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். ஆகவே ஒரு கோப்பு எப்படி நகரும், எங்கே நிற்கும் என்பதைத் தெரிந்து சொல்ல முடியும். நான் மருத்துவன் அல்லன். உங்கள் அண்ணனின் கைக்கு எத்தனை சதவீதம் வரும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. மறுபரிசோதனையில் சதவீதம் கூடியதையும், அப்படியே நின்றதையும், குறைந்துபோனதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது ஒரு மேல்முறையீடு என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அவை இரண்டு. மருத்துவக் குழு போட்ட சதவீதத்தை எதிர்ப்பது ஒன்று. அது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவின் கீழ், மாநில அரசு குறித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டியது. உதவித்தொகை மறுக்கப்பட்டதை எதிர்ப்பது மற்றொன்று. அது வருவாய்த் துறைக்குள்ளேயே, தனி வட்டாட்சியருக்கு மேலே கோட்டாட்சியர் என்ற வரிசையில் போவது. ராமேஸ்வரம் வட்டம் ராமநாதபுரம் கோட்டத்தில் வருகிறது. இரண்டாவது கோப்பு எப்போதும் முதலாவதன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். 40 சதவீதத்தைத் தொடாத சான்றிதழை வைத்துக்கொண்டு கோட்டாட்சியரே மனம் இரங்கினாலும் ஒப்பளிப்பு ஆணை, அதாவது தொகையை அனுமதிக்கும் ஆணை போட வழியில்லை. எனவே வருவாய் அலுவலகப் படியில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், மருத்துவக் கோப்பு அசையாதவரை பயனில்லை. எட்டு மாதத்தில் எத்தனை பயணம் எந்த அலுவலகத்துக்குப் போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் தவறான வாசலுக்குத்தான் போயிருக்கும்.

தொகை பற்றியும் ஒரு குழப்பம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 தொடக்கத்தில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. இதற்கு 40 சதவீதம் போதும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2022இல் 2,000 ரூபாய் ஆனது. அது அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து மீண்டோர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கும், 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் உரியது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. "பக்கத்துத் தெருவில் இரண்டாயிரம் வருகிறதே" என்று யாராவது சொன்னால், அது வேறு திட்டம் என்று விட்டுவிடுங்கள். 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் அதே வகைத் தொகையைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 2023இல் முதியோருக்கு 1,200, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 என்று வந்து நின்றதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக அந்த 25 சதவீதம்தான் வரும்.

அடுத்து, கொஞ்சம் சங்கடமான கேள்வி. நீங்கள் கொடுத்தது மேல்முறையீடுதானா? பத்துப் பேர் "அப்பீல் போட்டிருக்கிறோம்" என்று என்னிடம் வந்தால், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் கையில் இருப்பது திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு. அந்த மனு வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அது மேல்முறையீடு ஆகாது. அது சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்படும். அங்கிருந்து "மனுதாரருக்கு 35 சதவீதம் மட்டுமே உள்ளதால் விதிகளின்படி தகுதியில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்து, மனு முடிக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள். அவர்கள் பதிவேட்டில் அது ஆறு மாதத்துக்கு முன்பே முடிந்திருக்கும். ஆகவே வீட்டில் உள்ள சீட்டை எடுத்து, அதில் யாருக்கு எழுதியிருக்கிறது, 59ஆம் பிரிவு என்றோ மேல்முறையீடு என்றோ எங்காவது இருக்கிறதா, மருத்துவக் குழு சான்றிதழின் எண்ணும் நாளும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எட்டு மாதம் போய்விட்டதே என்று கலங்காமல், தாமதத்துக்கான காரணத்தையும் ஒரு பத்தியில் எழுதி, முறையான மேல்முறையீட்டை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

பெரியபட்டினத்திலிருந்து வந்த ஒரு தாயை மறக்க முடியவில்லை. கணவர் சங்கு குளிக்கப் போனவர். இடுப்புக்குக் கீழே பலம் குன்றிவிட்டது. பதினொரு முறை அலுவலகம் போய் வந்ததாகச் சொல்லி, மஞ்சள் பையிலிருந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் பரப்பினார். அத்தனையும் வெள்ளைத் தாள். இ-சேவை மையத்திலும் மருத்துவமனை வாசலிலும் தரும் அந்த வழுவழுப்பான சீட்டுகளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். கடற்கரை வெக்கையிலும் உப்புக் காற்றிலும் இன்னும் சீக்கிரம். எங்கே போனார், யாரிடம் கொடுத்தார், என்ன எண் என்பதற்கு அவரிடம் ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. சீட்டு கைக்கு வந்த அன்றே இரண்டு ரூபாய் கொடுத்து நகல் எடுத்துவிடுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், அலுவலகம், பேசியவரின் பதவி, அவர் சொன்ன பதில், அன்றைய பேருந்துச் செலவு ஆகியவற்றை எழுதி வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் பதவி போதும். பின்னால் எந்த மேலதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ நிற்க நேர்ந்தாலும், உங்கள் பக்கம் பேசப்போவது அந்த நோட்டுதான்.

"எப்போது வரும்" என்று கேட்காதீர்கள். "எங்கே இருக்கிறது" என்று கேளுங்கள். அலுவலகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ந.க. எண், அதாவது அதைக் கண்டுபிடிக்க உதவும் பதிவு எண் உண்டு, ஒவ்வொரு எழுத்தரும் தன்பதிவேடு ஒன்றில் அந்த எண்ணை ஏற்றி, அது எப்போது வந்தது, எப்போது வெளியே போனது என்று குறித்து வைக்க வேண்டும். அந்த எண் தெரிந்தவருக்குச் சொல்லும் பதில் ஒரு விதம், தெரியாதவருக்குச் சொல்லும் பதில் வேறு விதம். இதை வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், குடும்ப அட்டையில் "முகம்மது" என்றும் ஆதாரில் "முஹமது" என்றும் இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு கோப்பு என் மேசையிலேயே நான்கு மாதம் கிடந்தது. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பியிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். கேட்க யாரும் வராததால் எனக்கும் நினைவு வரவில்லை. உங்கள் பக்கத்தில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் வேறு, அட்டையில் "அந்தோணி", வங்கியில் "அந்தோனி" என்று இருப்பது சாதாரணம். சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இந்தக் காத்திருப்புக் காலத்திலேயே திருத்திவிடுங்கள். ஆணை வந்த பிறகு வங்கிக் கணக்கில் பணம் ஏறாமல் மேலும் மூன்று மாதம் போவது இதனால்தான்.

கோப்பு எங்கே என்று வாய்மொழியாகச் சொல்ல மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் கேள்வியை அமைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். "ஏன் இன்னும் முடிவு எடுக்கவில்லை" என்று கேட்டால், அது தகவல் அன்று என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்; அலுவலகத்தில் தாளாக இருப்பதைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்டு வாங்க முடியும். இன்ன நாளில் நான் அளித்த மேல்முறையீடு எந்த எண்ணில் பதிவாயிற்று, இன்று எந்தப் பதவியில் உள்ளவரிடம் இருக்கிறது, ஒவ்வொருவரிடமும் எந்த நாளில் வந்து எந்த நாளில் போயிற்று, அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலும் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலும் வேண்டும் என்று கேளுங்கள். என் அனுபவத்தில், பதில் வருவதற்கு முன்பே கோப்பு ஓர் அடி நகர்ந்திருக்கும். தன் மேசையில் 140 நாள் இருந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க எந்த எழுத்தருக்கும் மனம் வராது.

பொதுமக்கள் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் முடிவும் தர வேண்டும் என்று 2015 செப்டம்பரில் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்ட 99ஆம் எண் அரசாணை இருக்கிறது. நினைவூட்டு எழுதும்போது அதைக் குறிப்பிடலாம். அதேபோல் சான்றிதழ் வழங்கும் கால வரம்பு மத்திய விதிகளில் முன்பு ஒரு மாதம். 2024 அக்டோபர் திருத்தத்தில் மூன்று மாதம் ஆகிவிட்டது. மருத்துவமனை அழைத்தும் போகாமல் இரண்டு ஆண்டு கடந்த விண்ணப்பம் செயலற்றதாகிவிடும் என்பதும் அந்தத் திருத்தத்தில் உண்டு. எனவே யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குக் கொடுத்த கைப்பேசி எண் மாறியிருந்தால் உடனே தெரிவியுங்கள். பழைய எண்ணுக்கு அழைப்பு வந்து, "வரவில்லை" என்று எழுதப்பட்டுவிட்டால் தவறு உங்கள் தலையில் விழும். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதிவதும் நல்லதே. அங்கும் மனு கீழே அனுப்பப்பட்டு ஒரு வரிப் பதிலோடு மூடப்படுவதுண்டு. அப்படி மூடினால் விட்டுவிடாமல், "சதவீதம் குறைவு என்பது எனக்கும் தெரியும், அந்தச் சதவீதத்தை எதிர்த்த மேல்முறையீட்டின் நிலையையே கேட்கிறேன்" என்று மறுபடி பதியுங்கள்.

புதிதாக விண்ணப்பிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், எந்தக் காரணத்துக்காக என்பதைப் பொறுத்தது. அன்று அளந்தது தவறு என்று சொல்வது மேல்முறையீடு. அன்று சரியாகவே அளந்திருக்கலாம், இன்று நிலை மாறிவிட்டது என்று சொல்வது மறுமதிப்பீடு. மணிக்கட்டின் விறைப்பு அளவில் சேர்க்கப்படவில்லை, விரல் இழப்பை மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்றால் மேல்முறையீட்டை விடக் கூடாது. விறைப்பு பிறகுதான் கூடியது என்றால் மறுமதிப்பீடே பொருத்தம். உங்களிடம் இருப்பது தற்காலிகச் சான்றிதழ் என்பதால், அதில் செல்லத்தக்க காலம் எதுவரை என்று குறித்திருக்கும். அந்த நாள் இன்னும் மூன்று நான்கு மாதத்தில் முடிகிறது என்றால், மேல்முறையீட்டின் முடிவுக்கு முன்பே மறுமதிப்பீட்டுக்கு வழி திறந்துவிடும். அந்த வழி பெரும்பாலும் விரைவானது. ஆனால் ஒன்று: மேல்முறையீட்டை மறைத்துவிட்டு வேறு மாவட்டத்திலோ வேறு முகவரியிலோ புதிய விண்ணப்பம் போடுவது என்ற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2021 ஜூன் முதல் சான்றிதழ்கள் எல்லாம் யுடிஐடி தளத்தின் வழியாகவே வழங்கப்பட வேண்டும்; பழைய பதிவு அங்கே இருக்கும். இரண்டு பதிவு வந்தால் இரண்டும் முடங்கி நிற்கும்.

இன்னொரு விஷயத்தை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கையைத் தவிர வேறு குறை ஏதாவது இருக்கிறதா? ஆண்டுக்கணக்கில் என்ஜின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்களுக்குக் காது மந்தமாவது நம் கரையில் புதிதல்ல. யாரும் அதை ஒரு குறையாக நினைத்து மருத்துவரிடம் சொல்வதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள் இருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறையில் ஒரு வாய்பாடு உண்டு. நேரடியாகக் கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, அதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். பேச்சுக்கு, கைக்கு 35, காதுக்கு 18 என்று வைத்துக்கொண்டால், 90இல் 35 போக 55. 55ஐ 18ஆல் பெருக்கினால் 990. 90ஆல் வகுத்தால் 11. ஆக மொத்தம் 46. கூட்டிப் பார்த்தால் வரும் 53 கிடைக்காது. ஆனால் 40ஐத் தாண்டிவிடுகிறது. உங்கள் அண்ணனுக்கு அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லாததைச் சேர்க்கச் சொல்லவும் இல்லை. இருப்பதைச் சொல்லாமல் விட்ட குடும்பங்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

காத்திருக்கும் மாதங்களில் மருத்துவக் காகிதம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். விபத்து நடந்த மாதத்தில் ஒரு கட்டுத் தாளும், பிறகு ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், "சிகிச்சை முடிந்து குணமாகிவிட்டது" என்று மேல்முறையீட்டில் பார்ப்பவர் நினைப்பதில் வியப்பில்லை. மாதம் ஒரு முறையாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, சீட்டில் கையின் நிலையை எழுதச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். அவர் எழுதும் குறிப்பும் சான்றுதான். மூட்டு எத்தனை பாகை வளைகிறது, பிடிக்கும் பலம் எவ்வளவு என்று அளந்து எழுதிய ஒரு தாள், "மிகவும் சிரமப்படுகிறார்" என்று எழுதிய பத்துத் தாள்களைவிட மதிப்புள்ளது.

இப்போது வீட்டுச் செலவு. கசப்பான உண்மை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை, ஓய்வூதியம் ஒப்பளிப்பு ஆணை பிறந்த பிறகுதான் கணக்காகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து நிலுவை சேர்த்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனவே "மொத்தமாக வரும், வந்ததும் அடைத்துவிடலாம்" என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். வட்டிக்காரரிடமும் படகு முதலாளியிடமும் அந்த நம்பிக்கையில் முன்பணம் வாங்கிய குடும்பங்கள், மாதம் 1,500 வரத் தொடங்கியபோது அதை வட்டிக்கே கட்டிக்கொண்டிருந்தன.

மேல்முறையீட்டோடு தொடர்பில்லாமல் இப்போதே கிடைக்கக்கூடியவற்றைத் தேடுங்கள். மதினி பெயரில் மகளிர் உரிமைத்தொகை 1,000 வருகிறதா? குடும்ப அட்டை எந்த வகை? உறுதியான வருமானம் இல்லாத மாற்றுத்திறனாளியைத் தலைவராகக் கொண்ட குடும்பத்தை அந்த்யோதயா வகையில் சேர்க்க இடமுண்டு. அதில் மாதம் 35 கிலோ அரிசி. வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுதிக் கேட்டால் இழப்பில்லை. அண்ணன் மீனவர் நல வாரியத்தில் பதிந்தவரா என்றும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் யார் கையிலும் காசு புரளாது, கைமாற்றுகூடக் கிடைக்காது. அதற்கான நிவாரணப் பட்டியலில் பெயர் தொடர்கிறதா, விபத்துக்குப் பிறகு நீக்கப்பட்டுவிட்டதா என்பதை மார்ச் மாதமே கேட்டுவிட வேண்டும்.

இதில் பெரும்பாலோர் தவறவிடுவது விபத்துக் காப்பீடு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 வரை என்று உள்ளது. மூன்று விரல் இழப்பு அந்தக் காப்பீட்டின் வரையறைக்குள் வருமா என்பது காப்பீட்டு நிறுவனம் தீர்மானிக்க வேண்டியது. வரும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் அந்த விண்ணப்பம் 40 சதவீத ஓய்வூதிய விதியைச் சார்ந்தது அன்று. தனி வழியில், மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம் வழியாகப் போவது. விபத்தன்று அவர் கடலில் இருந்தார் என்பதற்குப் கடலுக்குப் போகப் படகுக்குத் தந்த அனுமதி டோக்கன், மரைன் போலீஸ் பதிவு, உடன் போன தொழிலாளிகளின் வாக்குமூலம் ஆகியவை வேண்டும். உடன் போனவர்கள் கேரளத்துக்கோ மங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுவதற்குள் அவர்களிடம் எழுதி வாங்குங்கள். காப்பீட்டில் காலக்கெடு கறாரானது, நாளைக்கே கேளுங்கள்.

எல்லாம் செய்தும் கோப்பு அசையவில்லையென்றால், அடுத்த படி ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு, வருமான வரம்பைப் பார்க்காமலே, இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு நேரடியாக எழுதலாம்; சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் ஒரு பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 81ஆம் பிரிவு சொல்கிறது. கடைசியாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அங்கே போனால் உதவித்தொகை கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். "இந்த மேல்முறையீட்டைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்" என்றுதான் வழக்கமாக உத்தரவு வரும். உங்கள் பிரச்சினை தாமதம் என்பதால் அதுவே பெரிய உதவி. ஆனால் முடிவு பாதகமாகவும் வரலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மருத்துவக் காகிதம் பலமாகச் சேர்ந்த பிறகு போவதே நல்லது என்பது என் கருத்து. எனக்குத் தெரிந்த வழக்கறிஞர்களில் சிலர் இதை ஏற்பதில்லை, தாமதிக்காமல் போ என்கிறார்கள்.

இந்த நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "மெடிக்கல் போர்டில் ஆள் இருக்கிறார், ஐயாயிரம் கொடுத்தால் நாற்பத்தைந்து போட்டுவிடலாம்" என்பார். எட்டு மாதம் அலைந்த வீட்டுக்கு அந்தப் பேச்சு இனிக்கும். பொய்யாகச் சலுகை பெறுவதற்கு அதே 2016 சட்டத்தின் 91ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ உண்டு. அது புரோக்கர் மேல் விழாது, அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவர்மேல் விழும்.

உங்கள் அண்ணனைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவன் இப்போதெல்லாம் கடற்கரைப் பக்கமே போவதில்லை." அந்த வரியைப் பலமுறை படித்தேன். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அவரை அழைத்துக்கொண்டு போக வேண்டிய தேவையில்லை. அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் உங்கள் ஆதார் நகலும் இருந்தால் நிலை கேட்கவும் நினைவூட்டு கொடுக்கவும் நீங்களே போகலாம். மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் அவர் வந்தால் போதும். பாம்பன் பாலம் தாண்டிப் போய், கையை ஒவ்வொருவரிடமும் நீட்டிக் காட்டி, வெறுங்கையோடு திரும்புவது ஒருவரை உள்ளே எவ்வளவு அரிக்கும் என்பதை அலுவலகத்துக்குள் இருந்தபோது நான் உணரவில்லை. அவர் தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மறுபரிசோதனைக்கு அழைப்பு வரும் நாளுக்காக அவரிடம் இப்போதே ஒன்றைப் பேசி வையுங்கள். முடியாததுபோல் நடிக்கச் சொல்ல வேண்டாம். பார்ப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். நம் கரை ஆண்களிடம் நான் கண்ட சிக்கல் அதற்கு நேர்மாறானது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் "என்னப்பா, வேலை செய்ய முடியுதா?" என்று கேட்டதும், நிமிர்ந்து நின்று, "செய்வேன் சார், எல்லாம் செய்வேன்" என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் தாளில் ஏறிவிடும். கயிறு பிடிக்க முடியுமா என்று கேட்டால், எத்தனை நிமிடம் பிடிக்க முடியும், பிறகு என்ன ஆகிறது, சட்டைப் பித்தானை யார் போட்டுவிடுகிறார்கள், சோற்றை எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லட்டும்.